விவாகரத்துக்குப் பிறகும் ஐ-864 செல்லுமா?

என் தங்கை நியூ ஜெர்சியில் இருக்கிறாள், கிரீன் கார்டு உண்டு. அவளை ஸ்பான்சர் செய்து, ‘இவளுக்குப் பண ஆதரவு தருவேன்’ என்று அமெரிக்க அரசுக்குக் கொடுக்கும் ஐ-864 உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் அவள் கணவர், அமெரிக்கக் குடிமகன். 2024-இல் மதுரை குடும்பநல நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மதத்தில் பிரிந்துவிட்டார்கள். மனுவில் ‘இனி ஜீவனாம்சம் கோர மாட்டோம்’ என்று ஒரு வரி. இப்போது அவளுக்கு வேலை போய்விட்டது. வாடகைக்காக அம்மாவின் ரெட்டைவடச் சங்கிலி அடகுக்கடையில் இருக்கிறது.

படிவத்தைப் படித்தேன். விவாகரத்தால் மட்டும் ஸ்பான்சரின் பொறுப்பு முடியாதாம். அவள் குடியுரிமை பெறுவது, 40 காலாண்டு (சுமார் பத்து வருட) வேலைக் கணக்கு சேர்வது போன்றவை நடந்தால்தான் முடியும். அதுவரை அமெரிக்க வறுமைக்கோட்டின் 125 சதவீத அளவுக்கு ஆதரவு தர வேண்டும்.

அவரிடம் கேட்டால், அந்த வரிக்கு மஞ்சள் அடித்துத் தீர்ப்பு நகலை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இங்குள்ள வக்கீலோ ‘அது அமெரிக்கச் சட்டம்’ என்று கைவிரித்துவிட்டார்.

மதுரையில் எழுதிக்கொடுத்த அந்த ஒரு வரி, அங்கே ஐ-864 உரிமையைப் பறித்துவிடுமா?