மறு: பி.என்.சி. இணைப்பிக்குத் தமிழ்ச்சொல்

வணக்கம். கண்காணிப்புக் கேமராவின் வடத்தை டி.வி.ஆர். என்னும் காட்சிப் பதிவுப் பெட்டியில் மாட்டும் பி.என்.சி. இணைப்பியை நம் கையேட்டில் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள்:

> 'துப்பாக்கிக்கத்தி இணைப்பி' அல்லது 'திருகு இணைப்பி' எனலாமா?

இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. முதலாவது, பி.என்.சி.யின் 'பி'யைக் குறிக்கும் 'பயனெட்' (துப்பாக்கி முனைக் கத்தி) என்ற ஆங்கிலச் சொல்லின் நிழல். கேமரா மாட்ட வருபவர் கையில் எதற்குக் கத்தி? இரண்டாவது காதுக்கு இனிமை, பொருளில் பிழை. கேபிள் டி.வி. பெட்டியின் பின்னால் மரையில் சுற்றிச் சுற்றி ஏற்றுகிறோமே, அந்த எஃப் இணைப்பிக்குத்தான் 'திருகு' பொருந்தும்.

பி.என்.சி.யில் பூட்டுவதற்கு மரை கிடையாது. டி.வி.ஆர். பெட்டியின் பின்புறத்தைத் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு வாயிலும் எதிரெதிராக இரண்டு சிறு முளைகள் துருத்தி நிற்கும். வடத்தின் முனையில் உள்ள வளையத்தில் அவற்றுக்கேற்ற வளைந்த பள்ளங்கள். அழுத்திக் கால் சுற்று திருப்பினால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். நம் வீட்டுக் குண்டு பல்பை ஹோல்டரில் மாட்டுவதும் இதே வித்தைதான். ஆகவே என் பரிந்துரை: முளைப்பூட்டு இணைப்பி. பெயரில் உள்ள 'என்', 'சி' இரண்டும் பால் நீல், கார்ல் கான்செல்மன் என்ற பொறியாளர்களைக் குறிப்பவை. அவற்றைப் பெயர்க்க வேண்டியதில்லை.

இந்த இணைப்பி மாட்டப்படும் கோஆக்சியல் வடத்துக்கு 'ஓரச்சு வடம்' சரி. ஆனால் அதன் நடுக்கம்பியைச் சுற்றியுள்ள உலோக இழை உறையை 'வலை' என்பதைவிடப் 'பின்னல்' எனலாம். போன மாதம் அக்கா வீட்டு வாசல் கேமராவில் மூன்று நாள் கோடு கோடாக ஓடிவிட்டுப் படமே நின்றுபோனது. இணைப்பியைப் பிரித்தேன். பின்னலிலிருந்து பிரிந்த தலைமுடி போன்ற ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பின்னல் என்றால் அவிழும், இழை பிரியும். அந்த எச்சரிக்கை சொல்லிலேயே இருக்கிறது.

இன்னொன்று: நெட்வொர்க் வடத்திலேயே மின்சாரமும் செல்லும் முறைக்கு 'மின்னூட்டல்' வேண்டாம். மின்னூட்டம் பள்ளி இயற்பியலில் வேறு பொருளுக்குப் போய்விட்டது. 'வடவழி மின்வழங்கல்' போதும்.

---

மறு: மறு: பி.என்.சி. இணைப்பிக்குத் தமிழ்ச்சொல்

ஐயா, 'முளை' என்றதும் எனக்கு முளைகட்டிய பயறுதான் நினைவுக்கு வந்தது. 'கொண்டிப்பூட்டு' என்று எழுதி அனுப்ப இருந்தேன். மாடு கட்ட அடிக்கும் முளையும் முளைதானே என்று அம்மா சொன்னார், விட்டுவிட்டேன். கொண்டி என்றால் எதையாவது கொக்கியில் மாட்டுவதாகவும் ஆகிவிடும்.

ஒரு திருத்தம் மட்டும். கேமராவுக்கு வேண்டியது 75 ஓம் மின்மறுப்பு (சைகைக்கு வடம் காட்டும் எதிர்ப்பின் அளவு) கொண்ட வகை. வானொலிக் கருவிகளுக்கான 50 ஓம் வகையும் இதே முளைப்பூட்டோடுதான் வருகிறது. எனவே கையேட்டில் '75 ஓம் முளைப்பூட்டு இணைப்பி' என்று எண்ணோடு எழுத வேண்டும்.

ஒன்றோடொன்று பொருந்தும் இணைப்பிகளின் ஆண், பெண் முனைகளுக்கு 'நுழைவி', 'ஏற்பி' என முன்பு முடிவு செய்தோம். இங்கே அது இடிக்கிறது. ஆண் முனையின் நடு ஊசி உள்ளே நுழைகிறது. அதன் வளையமோ பெண் முனையை வெளியிலிருந்து கவிகிறது. எதை வைத்துப் பெயரிடுவது, ஊசியையா, வளையத்தையா?