பனை போன்ற, குளிர் தாங்கும் செடிகள்: சொல் தேவை

வணக்கம். தோட்டக்கலைக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும். பருவநிலை அடிக்கடி மாறும் இடங்களுக்கு ஏற்ற, கடுங்குளிரிலும் பிழைக்கும் பனைகள் பற்றிய இயலில் சிக்கிக்கொண்டேன். 'குளிர்தாங்கு பனை' சரியா? டிராக்கிகார்பஸ், சபால் ஆகியவற்றோடு பனையே அல்லாத சைக்கஸ், யூக்கா, கார்டிலைனும் வருகின்றன, அவற்றுக்கும் பொதுப்பெயர் வேண்டும்.

---

'குளிர்தாங்கு' வினைத்தொகையாக நன்றாகவே நிற்கிறது, பொருள்தான் போதவில்லை. வெறும் குளிரைத் தாங்குவது வேறு, நீர் உறையும் நிலைக்குக் கீழே போய்ப் பிழைப்பது வேறு. பெரும்பாலான பனைகளில் தண்டுக்கு ஒரே குருத்து, அது செத்தால் தண்டும் போயிற்று. கார்டிலைன் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஆகவே 'உறைபனி நோன்பனை' என்கிறேன். நோன்றல் என்றால் பொறுத்தல், நோன்பு, நோன்மை எல்லாம் அந்த வேர்தான்.

---

ஐயா, செடி வாங்கப் போகிறவர் 'நோன்பனை'யைப் பார்த்து என்ன நினைப்பார்? வேர் சரி, ஆனால் புரியாத சொல்லால் யாருக்குப் பயன்? 'தாங்கு' இருக்கட்டும், எவ்வளவு என்பதைப் பக்கத்தில் எண்ணாகப் போடலாம். நன்கு வேரூன்றிய டிராக்கிகார்பஸ் ஃபார்ச்சூனி ஏறத்தாழ −15 பாகை செல்சியஸ் வரை தாங்கும் என்பதுபோல. அதுகூட முழு உண்மையில்லை. குளிர்காலத்தில் சில நாள் வெதுவெதுப்பாகி, செடியின் தாங்கும் திறன் தளர்ந்து, திடீரென்று உறைபனி விழுந்தால் சீரான குளிரைவிடக் கேடு அதிகம், குருத்தில் ஈரம் தங்கினால் அழுகல் வேறு.

பொதுப்பெயருக்குப் 'பனைப்போலி' எப்படி?

---

'போலி' வேண்டாம் அம்மா. இலக்கணத்தில் ஓரெழுத்து நிற்குமிடத்தில் இன்னொன்று நிற்பது போலி, குற்றமில்லை. இன்றைய வழக்கிலோ கள்ளச்சரக்கு. அப்புறம் ஒன்று, தொல்காப்பிய மரபியல்படி புறத்தே வயிரம் (உறுதியான கட்டைப் பகுதி) உள்ளது புல், அகத்தே வயிரமுள்ளது மரம், ஓலையும் ஈர்க்கும் பாளையும் புல்லின் உறுப்புகள். பனையே புல்தான். இன்றைய தாவரவியலும் பனையையும் புல்லையும் ஒருவித்திலையில்தான் (விதையில் ஒரே இலையுள்ள தொகுதி) வைக்கிறது. சைக்கஸ் பூக்காத, கூம்பு விடும் இனம், ஆகவே எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகப் 'புல்லினம்' என்று வைத்தால் அதைச் சேர்க்க முடியாது. பார்வைக்கு ஒத்திருப்பதை மட்டும் சொல்லும் 'பனைச்சாயல் செடிகள்' போதும்.

---

நன்றி. பெரும்பாலோர் 'குளிர்தாங்கு', 'பனைச்சாயல்' பக்கம் இருக்கிறீர்கள், நேரமும் இல்லை, அப்படியே அனுப்புகிறேன்.

---

சாயலை ஏற்கிறேன், குளிர்தாங்கை ஏற்க முடியவில்லை. பத்துப் பாகைக் குளிரைத் தென்னையும் சில நாள் தாங்கும், கடும் உறைபனியில் செத்துவிடும். உங்கள் சொல்படி அதுவும் குளிர்தாங்கிதானே? இயல் தலைப்பிலாவது 'உறைபனி' வரட்டும்.