சண்டை விளையாட்டுகளை வரைந்தவர்கள்: இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

தேவிபட்டினம், ஓவிய ஆசிரியர் (இழையைத் தொடங்கியவர்)

1994-ஆம் ஆண்டு நான் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் தேவிபட்டினத்திலிருந்து பேருந்தேறி இராமநாதபுரம் சென்று, அம்மா எழுதித் தந்த சாமான்களை வாங்கி முடித்தபின், மிஞ்சிய சில்லறையோடு பேருந்து நிலையத்துக்கு அருகிலிருந்த வீடியோ கேம் கடைக்குள் நுழைவேன். ஒரு காயின் ஒரு ரூபாய். என்னிடம் ஒரு காயினுக்கு மேல் இருந்த நாட்கள் குறைவு என்பதால், நான் விளையாடிய நேரத்தைவிடப் பிறருடைய தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த நேரமே அதிகம். அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் என்னை ஓவியத்தின் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது.

அந்தக் கடையில் இருந்தது, கேப்காம் நிறுவனம் 1992-இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2: சாம்பியன் எடிஷன்’. ஒவ்வொரு சண்டை முடிந்ததும் இருவர் முகமும் திரையில் பெரிதாகத் தோன்றும். வென்றவர் முகம் முழுதாக இருக்கும், தோற்றவர் முகம் கண் வீங்கி, உதடு கிழிந்து, இரத்தம் வழிய இருக்கும். மற்ற பையன்கள் அடுத்த காயினைத் தேடிக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளுக்காகவே நான் காத்திருப்பேன். ஒரே முகம் அடிபட்டபின் எந்தெந்த இடத்தில் மாறுகிறது, எது மாறாமல் இருப்பதால் அவரே இவர் என்று நமக்குத் தெரிகிறது என்பதை மனத்தில் பதித்துக்கொண்டு, திரும்பும் பேருந்தில் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் வரைவேன். முகம் வரைவதில் எனக்கு முதல் பாடம் அங்கேதான் கிடைத்தது.

பின்னாளில் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் சேர்ந்தபோது, உருவம் வரையும் வகுப்பில் ஆசிரியர் முதலில் கற்பித்தது உடலின் பாரம் எங்கே இறங்கி நிற்கிறது என்பதைப் பார்க்கத்தான். எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. அந்த விளையாட்டின் வீராங்கனையான சுன்-லீ நிற்கும்போது இடுப்பும் தொடையும் தரையை அழுத்துவதையும், அவள் குதிக்கும் முன் அந்தப் பாரம் முழுவதும் கால்விரல்களுக்கு நகர்வதையும் நான் பலநூறு முறை பார்த்திருந்தேன்.

அந்தப் படங்கள் எத்தகைய நெருக்கடிக்குள் வரையப்பட்டவை என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. அந்த இயந்திரத்தின் திரை அகலத்தில் 384 புள்ளிகளும் உயரத்தில் 224 புள்ளிகளும் மட்டுமே கொண்டது. ஒரு வண்ணத் தொகுப்பில் 16 இடங்கள். அவற்றில் ஒன்று பின்னணி தெரிவதற்காக வெறுமையாக விடப்படுவதால், ஓவியருக்கு மிஞ்சுபவை 15 வண்ணங்கள். தோலின் வெளிச்சமும் நிழலும், துணியின் மடிப்பும், முடியும், கண்ணின் வெள்ளையும் அந்தப் பதினைந்துக்குள் அடங்க வேண்டும். அந்தத் தொகுப்பை மட்டும் மாற்றினால் அதே உருவம் வேறு நிற உடையில் வந்து நிற்கும். ஒரே வீரரை இருவரும் தேர்ந்தெடுத்து மோதிக்கொள்ள முடிந்தது அதனால்தான்.

இவற்றை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் யசுதா அகிரா, ‘அகிமான்’ என்ற புனைபெயரால் அறியப்பட்டவர். அக்காலத்து ஜப்பானிய நிறுவனங்கள் பலவற்றில், திறமையானவர்களைப் போட்டி நிறுவனங்கள் இழுத்துக்கொண்டுவிடும் என்ற அச்சத்தால், ஊழியர்களின் உண்மைப் பெயரை விளையாட்டின் இறுதியில் போடுவதில்லை; செல்லப்பெயர்களே ஓடும். ஆகவே கடைசிவரை ஆடி வென்றவருக்கும்கூட வரைந்தவரின் பெயர் முழுமையாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் 1999-இல் ‘டர்ன் ஏ குண்டம்’ என்ற தொலைக்காட்சித் தொடருக்கும் பாத்திரங்களை வடிவமைத்தார். 2003-இல் கேப்காமை விட்டு வெளியேறினார்.

நம் கடற்கரையில் வளர்ந்த மற்றவர்கள் இந்த ஓவியங்களை எங்கே, எப்படி எதிர்கொண்டீர்கள் என்பதை எழுதுங்கள்.

கீழக்கரை, தற்போது துபாயில் பணிபுரிபவர்

ஆசிரியர் அவர்களுக்கு ஸலாம். எங்கள் வீட்டில் நான் விளையாட்டைப் பார்ப்பதற்கு முன்பே அதன் பெட்டியைத்தான் பார்த்தேன். துபாயில் கடை வைத்திருந்த என் மாமா 1993-ஆம் ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது, தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் சூப்பர் நிண்டெண்டோ கருவியையும் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ கேசட்டின் அமெரிக்கப் பதிப்பையும் கொண்டுவந்தார். வந்த முதல் வாரம் மின்சார அடாப்டர் பொருந்தாமல் போனது. உம்மா அந்தப் பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட, நான் ஏழு நாட்கள் அட்டைப் படத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அட்டை, பின்னர் திரையில் நான் கண்ட உருவங்களைப் போல இல்லை. தசைகள் முறுக்கேறி, நரம்பு புடைத்து, முகங்கள் கோபத்தில் கோணியிருந்தன. இராமநாதபுரம் திரையரங்குகளின் வாசலில் அப்போது கையால் எழுதி வைக்கப்பட்ட பேனர்களில் கதாநாயகனின் கன்னத்தில் ஊதாவும் பச்சையும் கலந்து நிழல் போட்டிருப்பார்கள் அல்லவா, அதே துணிச்சல் அந்த அட்டையிலும் இருந்தது. திரையில் ஓடுவது ஒன்று, வாசலில் நிற்கும் படம் வேறொன்று என்பதில் எங்கள் தலைமுறைக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. வாசலில் நிற்பது உள்ளே அழைப்பதற்கு என்று எங்களுக்குத் தெரியும்.

அதை வரைந்தவர் மிக் மெக்கின்டி என்ற அமெரிக்க ஓவியர். ஜப்பானிய ஓவியங்களை உயர்த்திப் பேசும் பலர் அவருடைய அட்டைகளை முரட்டுத்தனமானவை என்று ஒதுக்குவதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அசையாத ஒரே படத்தில் ஒரு சண்டையின் இரைச்சல் முழுவதையும் கேட்க வைப்பது தனித் திறமை. அவர் 2021-இல் காலமானார் என்ற செய்தியைத் துபாயில் மதிய உணவு வேளையில் கைப்பேசியில் படித்தேன். உடனே ஊருக்கு அழைத்து, அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறதா என்று உம்மாவிடம் கேட்டேன். கேசட் எப்போதோ போய்விட்டது. பெட்டியில் லாத்தாவின் (அக்காவின்) பிள்ளைகள் பொத்தான்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அட்டையின் நிறம் சற்றும் மங்கவில்லை என்று உம்மா சொன்னார்.

பாம்பன், படகு ஓவியரின் மகன்

என் அப்பா நாற்பது ஆண்டுகள் படகுகளுக்குப் பெயர் எழுதி, படம் வரைந்தவர். எங்கள் பகுதியில் விசைப்படகுகள் கரையேறும் மீன்பிடித் தடைக்காலம்தான் அவருக்கு வேலைக்காலம்; இன்று 61 நாட்களாக இருக்கும் அந்தத் தடை அப்போது 45 நாட்கள். உப்புத்தாளால் பலகையைத் தேய்த்து, பழைய எனாமலைச் சுரண்டி, அடிப்பூச்சு காய்ந்த பிறகு அணியத்தின் (படகின் முன்பகுதியின்) இருபுறமும் பெயர் எழுதுவார். சுக்கான் அறையின் முன்பலகையில் உரிமையாளர் கேட்கும் புனிதரை வரைவார். பெரும்பாலும் அந்தோணியார், அல்லது வேளாங்கண்ணி மாதா.

இராமேசுவரத்தில் ஒரு சிறிய கடையில் ‘கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97’ இருந்தது. பள்ளி முடிந்து பேருந்தில் போய் அதை விளையாடுவோம். அந்தக் கடைச் சுவரில் விளையாட்டு வீரர்களின் வண்ண அச்சுப் படமொன்று ஒட்டப்பட்டிருந்தது. ஓரம் கிழிந்துவிட்டதால் கடைக்காரர் அதை எடுத்தெறியப் போனபோது நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் அதை ஒளித்து வைத்திருந்தேன். அப்பா கண்டால் காசை வீணாக்கியதற்குத் திட்டுவார் என்று பயம்.

ஒருநாள் அவர் கண்டுவிட்டார். திட்டவில்லை. வாசலுக்கு எடுத்துச் சென்று, வெயிலில் சாய்த்துப் பிடித்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இந்த ஆளு வெளிச்சத்த முதல்ல வச்சிட்டு, அப்புறந்தான் ஆளையே வச்சிருக்கான்” என்றார். சிவப்பு மேலங்கியும் தொப்பியும் அணிந்த டெர்ரி போகார்டின் தோளில் துணி எங்கே இறுகுகிறது, முழங்கால் மடிப்பில் எங்கே தளர்கிறது என்பதை விரலால் தொட்டுக் காட்டினார். கன்னத்தின் நிழலில் கறுப்பே சேர்க்காமல் எப்படி இருட்டைக் கொண்டுவந்திருக்கிறார் என்று தமக்குள் பேசிக்கொண்டார். தொழிலில் தமக்கு நிகரான ஒருவரைப் பற்றி மட்டுமே அப்பா அந்தக் குரலில் பேசுவார்.

அதை வரைந்தவர் ஷின்கிரோ. எஸ்.என்.கே. நிறுவனத்தின் ‘ஃபேட்டல் ஃபியூரி’, ‘ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்’, ‘கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ்’ விளையாட்டுகளுக்கு 1990-களில் முகம் தந்தவர். சித்திரக்கதைக் கோடுகளை விட்டுவிட்டு, உயிருள்ள மனிதரை எதிரே நிறுத்தி வரைந்ததுபோல் தீட்டுவது அவருடைய வழி. எஸ்.என்.கே. 2001-இல் திவாலானது, அந்தக் காலகட்டத்தில் அவர் கேப்காமுக்கு மாறி, அங்கே 2011-இல் வந்த ‘மார்வெல் வெர்சஸ் கேப்காம் 3’ வரை பல விளையாட்டுகளுக்கு வரைந்தார்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. 2002-ஆம் ஆண்டுத் தடைக்காலத்தில் ஒரு படகு உரிமையாளர் மிக்கேல் அதிதூதரை வரையக் கேட்டார். கோயில் படங்களில் மிக்கேல் சாத்தானின் மேல் நேராக, அசையாமல் நிற்பார். அப்பாவும் அதுவரை அப்படியே வரைந்துவந்தார். அந்த முறை அவர் என்னிடம் அந்தக் கிழிந்த படத்தைக் கேட்டார். பலகையில் சாக்கட்டியால் கோடு போட்டபோது, மிக்கேலின் கால்கள் அகன்று, முழங்கால் சற்று மடிந்து, முன்காலில் பாரம் இறங்கியிருந்தது. இறகும் ஈட்டியும் வானவருடையவை. நிற்கும் நிலை டெர்ரியுடையது. உரிமையாளர் வந்து பார்த்து, இந்த மிக்கேல் அலையடித்தாலும் விழமாட்டார் என்று சொல்லி, பேசிய கூலிக்கு மேல் ஐம்பது ரூபாய் கொடுத்தார். மறுவருடம் அதே கால்களைக் கேட்டு மேலும் மூன்று படகுகள் வந்தன. உப்புக்காற்றில் எனாமல் நீண்ட காலம் நிற்பதில்லை, அந்தப் படகுகளில் இன்று எதுவும் மிச்சமில்லை. கிழிந்த அச்சுப் படம் மட்டும் அப்பாவின் தூரிகைப் பெட்டியில் இருக்கிறது.

தொண்டி, கணினி வரைகலைப் பணியாளர்

பாம்பன் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை.

என்னைப் போன்ற பெண்பிள்ளைகள் எவரும் அந்தக் கடைகளுக்குள் போனதில்லை. போகக்கூடாது என்று யாரும் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. என் தம்பி வீட்டுக்குக் கொண்டுவந்த ஸ்டிக்கர்கள் வழியாகத்தான் இவர்களை அறிந்தேன். அவற்றுள் கேமி என்ற இன்னொரு வீராங்கனையும் சுன்-லீயும் இருந்த ஒரு படம், நீர்வண்ணத்தில் தீட்டியதுபோல் மெல்லிய பூச்சுகளோடு, மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரிந்தது. சண்டைக்கு வெளியே, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் இருவராக அவர்கள் அதில் இருந்தார்கள். அதை நகலெடுத்து வரைந்துதான் நான் விரல்களை வரையக் கற்றேன்.

பணிக்குச் சேர்ந்தபின் கேப்காம் ஓவியத் தொகுப்பொன்றைப் புரட்டியபோது அந்தக் கையை மீண்டும் கண்டேன். கினு நிஷிமுரா என்ற பெயர் இருந்தது. அவர் ஒரு பெண் என்று அறிந்த கணத்தை என்னால் மறக்க முடியாது. நான் நுழைய முடியாத கடையின் சுவரில், எனக்கு முன்பே ஒரு பெண்ணின் கை நுழைந்திருந்திருக்கிறது. 1990-களில் கேப்காமில் வரைந்த அவர், 2009-இல் ‘999’ என்ற புதிர் விளையாட்டின் பாத்திரங்களையும் வடிவமைத்தார். அதையும் வாங்கி முடித்துவிட்டேன்.

ஏர்வாடி, கல்லூரி மாணவர்

நான் பிறப்பதற்குள் அந்தக் கடைகள் மூடிவிட்டன; அண்ணன் பழைய கணினியில் போட்டுத் தந்ததே என் அறிமுகம். எங்கள் தெருவில் எல்லோரும் ‘முஸ்தபா கேம்’ என்று சொல்லும் விளையாட்டின் உண்மைப் பெயர் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ என்பதும், 1993-இல் வந்த அது மார்க் ஷூல்ட்ஸ் என்பவர் எழுதி வரைந்த சித்திரக்கதையிலிருந்து பிறந்தது என்பதும் இந்த ஆண்டுதான் எனக்குத் தெரிந்தது. அது நேருக்கு நேர் மோதும் வகையைச் சேராது என்றாலும், நம் ஊரில் பாத்திரத்தின் பெயரே விளையாட்டின் பெயராகி, வரைந்தவர் மறைந்துபோனதற்கு அதைவிடப் பொருத்தமான சான்று இல்லை என்பதால் எழுதுகிறேன். நான் பெரிதும் மதிப்பவர் இஷிவதாரி தைசுகே. 1998-இல் வந்த ‘கில்டி கியர்’ விளையாட்டை உருவாக்கி, அதன் பாத்திரங்களை வரைந்து, இசையும் அமைத்தவர்.

தேவிபட்டினம், ஓவிய ஆசிரியர்

நீங்கள் எழுதிய அனைத்தையும் அச்செடுத்து வைத்துக்கொண்டேன். பாம்பன் தம்பி, அந்தப் படத்தைத் தூரிகைப் பெட்டியில் மடித்து வைத்திருந்தால், மடிப்புகளில் வண்ணம் உதிர்ந்துவிடும். இரண்டு அட்டைகளுக்கு நடுவே, அமிலமில்லாத தாள் சுற்றித் தட்டையாக வையுங்கள். தாள் கிடைக்காவிட்டால் நான் அனுப்புகிறேன்.

சென்ற வாரம் ஏழாம் வகுப்பில் ஆளுக்கு ஒரு கட்டத்தாளும் 15 வண்ணங்களும் கொடுத்து, பக்கத்தில் அமர்ந்திருக்கும் நண்பரின் முகத்தைக் கட்டங்களை நிரப்பி வரையச் சொன்னேன். வலை பின்னும் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, மூக்கின் நிழலுக்குத் தனி வண்ணம் இல்லாததால், முடிக்கு வைத்திருந்த பழுப்பையே இரண்டு கட்டங்கள் இரவல் வாங்கி வைத்தாள். திரையில் நான் கண்ட முகங்களிலும் அதைத்தான் செய்திருந்தார்கள். கரும்பலகையில் யசுதா அகிராவின் பெயரை எழுதிக் காட்டினேன். “அவங்க இன்னும் வரையிறாங்களா சார்?” என்று கேட்டாள். வரைகிறார் என்று சொன்னேன். அவள் இன்னொரு கட்டத்தாள் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.