பசிபிக் கரை ஈரத்தில் இண்டிகா வகைக் கஞ்சா வளர்க்க நினைக்கும் புதியவர்களுக்கு

கனடாவில் வான்கூவர், சர்ரே, விக்டோரியா பக்கம் புதிதாக வந்து இறங்கியவர்கள் முதல் கோடையிலேயே கேட்கிற கேள்வி இது. பக்கத்து வீட்டுக்காரர் கொல்லையில் தக்காளிக்கு அருகிலேயே கஞ்சாச் செடி வைத்திருக்கிறார், நாமும் வைக்கலாமா, எந்த ரகம் நல்லது? பத்தொன்பது வயது முடிந்திருந்தால் வைக்கலாம். 2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் ஆளுக்கு நான்கு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், வீட்டுக்கு நான்கு செடி, அந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் அவ்வளவுதான். பிரிட்டிஷ் கொலம்பியாவில் தெருவிலிருந்தோ பூங்காவிலிருந்தோ பார்த்தால் செடி தெரியவும் கூடாது. கியூபெக்கில் இருக்கும் சொந்தக்காரர் சொல்வதை இங்கே பொருத்தாதீர்கள், அங்கே வீட்டில் வளர்க்கவே தடை, அந்தத் தடை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2023இல் சொல்லிவிட்டது.

நம்மில் பெரும்பாலானவர்கள் முதலில் இருப்பது வாடகை பேஸ்மென்ட்டில். வாடகை ஒப்பந்தத்தில் கூடாது என்று எழுதியிருந்தால் கூடாதுதான். அடுக்குமாடி என்றால் ஸ்ட்ராட்டா விதியையும், அதாவது அங்குள்ள வீட்டு உரிமையாளர் சங்கத்தின் விதியையும் படியுங்கள். இன்னும் குடியுரிமை வாங்காதவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நான்கைத் தாண்டி வளர்ப்பது, விளைந்ததை விற்பது, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவருக்குக் கொடுப்பது, இவற்றுக்கெல்லாம் அதிகபட்ச தண்டனை 14 ஆண்டு. போதையில் கார் ஓட்டினால் 10 ஆண்டு வரை. அதிகபட்சம் 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தில் தீர்ப்பாகிவிட்டால், நீதிபதி வெறும் அபராதம் போட்டு அனுப்பியிருந்தாலும் பி.ஆர். எனும் நிரந்தர வசிப்புரிமை கைவிட்டுப் போகிற அளவுக்கு விஷயம் போகலாம். இங்கே பிறந்தவனுக்கு அந்தப் பயம் கிடையாது, அதனால் அவன் சொல்கிற தைரியத்தை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். விதையை மாகாண அரசின் கடையிலோ உரிமம் உள்ள கடையிலோ வாங்குங்கள். ஊரிலிருந்து வரவழைப்பதும், ஊருக்கோ அமெரிக்காவுக்கோ ஒரு துளி எடுத்துப் போவதும் வேண்டவே வேண்டாம், எல்லை தாண்டினால் இரண்டு பக்கமும் குற்றம்.

சரி, செடிக்கு வருவோம். கடையில் கேட்டால் இண்டிகா கலப்பு அதிகமுள்ள ரகத்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், காரணமும் உண்டு. குட்டையாக இருக்கும், வேலிக்கு மேலே எட்டிப் பார்க்காது, சீக்கிரம் விளையும். கஞ்சாவின் இன்னொரு வகையான வெப்ப நாட்டுச் சாட்டிவாவை இங்கே மண்ணில் வைத்தால் அது அக்டோபர் கடைசியிலும் பூத்துக்கொண்டே நிற்கும், அதற்குள் மழை வந்து முடித்துவிடும். ஆனால் இண்டிகாவின் பூர்வீகம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து இந்துகுஷ் மலை, காய்ந்த காற்றுள்ள பூமி. அந்தக் காற்றுக்கேற்ப அதன் பூக்கொத்து இறுகித் திரண்டு வளரும். அதையே கடலோர ஈரத்தில் வைத்தால் கொத்துக்குள் போன பனி வெளியே வராது. ரகத்தின் படத்தில் கை மொத்தத்துக்குக் கொழுத்திருக்கும் மொட்டைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், இந்தக் கரையில் முதலில் அழுகுவது அதுதான். கொஞ்சம் தளர்வாகப் பூக்கிற, முக்கியமாக செப்டம்பர் நடுவுக்குள் முடிகிற ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.

காலக்கணக்கு இப்படித்தான் போகும். இங்கே ஜூலை, ஆகஸ்ட் நன்றாகக் காயும். சாதாரண ரகங்கள் பகல் குறைவதைப் பார்த்து ஆகஸ்டில்தான் பூக்கத் தொடங்கும், எட்டு வாரம் பிடித்தால் அறுவடை செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆரம்பம் என்று வந்து நிற்கும், மழையும் அப்போதுதான் திரும்பும். இந்த இக்கட்டிலிருந்து தப்ப ஆட்டோஃபிளவர் ரகம்தான் என் பரிந்துரை. அது பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை, வயதை வைத்துப் பூக்கும். மே கடைசியில் வெளியே வைத்தால் ஆகஸ்டிலேயே வெட்டிவிடலாம். விளைச்சல் குறைவுதான், இருந்தாலும் பூஞ்சைக்குப் பாதியைக் கொடுப்பதைவிட அது மேல்.

எதிரி சாம்பல் பூஞ்சை, பொட்ரைட்டிஸ். ஃபிரிட்ஜில் மறந்துபோன ஸ்ட்ராபெரி மேல் நரைத்த பஞ்சு மாதிரி படருமே, அதே பூஞ்சைதான் இதுவும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நல்ல பச்சை மொட்டின் நடுவில் ஒரே ஒரு குட்டி இலை மட்டும் மஞ்சளாகிக் காய்ந்து நிற்கும். அதை லேசாக இழுத்தால் பிடிப்பே இல்லாமல் கையோடு வரும். அந்த இடத்தை விரித்துப் பாருங்கள், உள்ளே காம்பு பழுப்பாகக் குழைந்திருக்கும், அசைத்தால் சாம்பல் நிறத் தூசி பறக்கும். பறக்கிறது பூஞ்சையின் வித்து, அடுத்த மொட்டுக்குப் போகிறது. அதனால் உலுக்காமல், கெட்ட இடத்துக்குக் கீழே நல்ல தண்டோடு சேர்த்து வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். மிச்சம் நன்றாகத்தானே இருக்கிறது என்று அந்த மொட்டைப் பத்திரப்படுத்தாதீர்கள், பூஞ்சை பிடித்ததைப் புகைத்தால் நுரையீரலுக்குக் கேடு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்னும் மோசம்.

வராமல் தடுப்பதுதான் உண்மையான வேலை. தொட்டியில் வையுங்கள், மழை வந்தால் கூரைக்கு அடியில் நகர்த்தலாம். செடிக்குச் செடி தாராளமாக இடம் விடுங்கள். பூப்பதற்கு முன்பே அடிப்பகுதியிலும் நடுவிலும் கவாத்து செய்து காற்றுக்கு வழி விடுங்கள். தண்ணீரைக் காலையில் வேரடியில் மட்டும் ஊற்றுங்கள். மொட்டு திரண்ட பிறகு எதையும் மேலே தெளிக்காதீர்கள். செப்டம்பரில் விடிந்ததும் செடி பனியில் நனைந்திருந்தால், நோய் பிடிக்காத செடியாக இருக்கும்போது கிளையை மெல்லத் தட்டி நீரை உதிர்த்துவிடுங்கள். காலை வெயில் விழுகிற கிழக்குப் பக்கம் கிடைத்தால் விடாதீர்கள், பனி சீக்கிரம் காயும். மூன்று நாள் தொடர் மழை என்று வானிலை அறிக்கை சொன்னால், செடி ஏறக்குறைய விளைந்திருக்கும் பட்சத்தில் வெட்டிவிடுங்கள்.

வெட்டிய பிறகும் ஆபத்து இருக்கிறது. ஈரமான பேஸ்மென்ட்டில் கொத்துக்கொத்தாகத் தொங்கவிட்டால் அங்கேயே பூசணம் பிடிக்கும், சுவருக்கும் பிடிக்கும், அப்புறம் வீட்டுக்காரரோடு தகராறு. இருட்டான அறை, 20 டிகிரிக்குள் சூடு, 60 சதவீதத்துக்குள் ஈரப்பதம், ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று, காற்று மொட்டின் மேல் நேராக அடிக்காமல் சுவர்ப்பக்கம் திருப்பிய சின்ன விசிறி. சின்னக் காம்பு வளையாமல் படக்கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. கண்ணாடி ஜாடியில் போட்டு, பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் பூட்டுள்ள அலமாரியில் வையுங்கள்.