ஷார்ஜாவில் வேலை, அறந்தாங்கியில் ஓட்டு

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர்த் தேர்தலில் ஓட்டுப் போட்ட அனுபவம் கேட்டிருந்தீர்கள். என்னுடையது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் வாக்காளராகப் பதிய படிவம் 6ஏ என்று ஒன்று இருப்பதே வளைகுடாவில் நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. 2010இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தி 20ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காத இந்தியர், பாஸ்போர்ட்டில் இருக்கும் ஊர் முகவரியை வைத்து அந்தத் தொகுதியில் வாக்காளராகலாம். அதுவரை வெளிநாட்டில் குடியிருந்தால் பட்டியலில் இடமே இல்லை. சரி, நல்லதுதானே என்று விண்ணப்பித்தபோதுதான் மீதி தெரிந்தது. ஓட்டுப் போட நேரில் வர வேண்டும், அசல் பாஸ்போர்ட்டோடு. வாக்காளர் அடையாள அட்டை தரமாட்டார்கள். ஏற்கெனவே இருந்தால் ஒப்படைக்க வேண்டும்.

அப்பாவுக்கு இந்தக் கடைசி விஷயம் பிடிக்கவே இல்லை. "ஏன்யா, அட்டைய குடுத்துட்டா நாளைக்கு பத்திர ஆபீஸ்ல என்னத்தக் காட்டுவ? ஒண்ணும் சொல்லாம வச்சிருந்து வர்றப்ப போட்டுட்டுப் போ, எல்லாரும் அப்படித்தானே செய்யிறாங்க." எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், உண்மை. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் சிங்கப்பூரிலோ குவைத்திலோ ஒருவர் இருக்கிறார். 6ஏ கொடுத்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல். தங்கை கல்யாணத்துக்கு விடுப்பில் வந்திருந்த நேரம், தேதி தானாக அமைந்தது. கொரோனா காலம் என்பதால் பூத் வாசலிலேயே நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் பார்த்து, வலது கைக்கு ஒரு பிளாஸ்டிக் கையுறை கொடுத்தார்கள். உள்ளே பட்டியல் வைத்திருந்தவர் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட்டை இல்லையா தம்பி?" இல்லை சார், வெளிநாட்டு வாக்காளர், கடைசிப் பக்கத்தில் தனியாக இருக்கும் என்றேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் அங்கே என் பெயர் மட்டும். அதற்குள் கட்சி ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த ஒரு மாமா, என்னைச் சின்னப் பையனிலிருந்து தெரிந்தவர், "இவரு துபாய்ல இருக்கிறவருல்ல, இவருக்கு எப்படி இங்க ஓட்டு?" என்று ஆட்சேபணை கிளப்பினார். கல்யாண வீட்டில் முந்தின வாரம்தான் என் கையால் தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு போனவர். தலைமை அலுவலர் ஒரு டீச்சர். கையேட்டைப் புரட்டி, பாஸ்போர்ட் எண்ணைக் குறித்துக்கொண்டு, "சட்டப்படி உண்டுங்க, உட்காருங்க" என்று அவரை அமர்த்திவிட்டார். வெளியே வந்ததும் அதே மாமா, "தப்பா எடுத்துக்காத மாப்ள, நீ யாருக்குப் போடுவேன்னு எனக்குத் தெரியும், அதான்" என்றார். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

விரலில் மையோடு திரும்பி வந்தபோது எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் பிலிப்பைன்ஸ் அம்மா உடனே கண்டுபிடித்துவிட்டார். அவர்கள் ஊரிலும் இதே மாதிரி மைதானாம். "இதற்காகவா அவ்வளவு தூரம் போனாய்?" என்றார். அவர்களுக்கு 2003லேயே சட்டம் வந்து, 2004 தேர்தலிலிருந்து வெளிநாட்டிலேயே வாக்களிக்கிறார்கள். 2022இல் அவர்கள் அதிபர் தேர்தலுக்கு ஒரு மாதம் முழுக்க ஓட்டுப் பதிவு நடந்தது. துபாயில் அவர்கள் துணைத் தூதரகத்துக்கு வெளியே வெயிலில் வரிசை நின்றது. இவர் வார விடுமுறையில் போய்ப் போட்டுவிட்டு மாலையில் துணி துவைக்கப் போய்விட்டார். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் வந்தவர்களுக்கு ஒரு நாடு இதைச் செய்துகாட்டியிருக்கிறது. நம் நாட்டால் முடியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

2024க்குத் திட்டம் போட்டே டிக்கெட் எடுத்தேன். தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, எனக்கு 17ஆம் தேதி இரவு திருச்சி விமானம். 16ஆம் தேதி பிடித்தது மழை. 1949இல் பதிவு வைக்கத் தொடங்கியதிலிருந்து அமீரகத்தில் அப்படி ஒரு மழை இல்லை. அல் ஐன் பக்கம் ஒரே நாளில் 254 மில்லிமீட்டர். துபாய் ஓடுபாதையில் விமானங்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போன வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளம் இடுப்பளவு, மின்சாரம் இல்லை, லிஃப்ட் இல்லை. விமானம் ரத்து. அடுத்த இடம் ஞாயிற்றுக்கிழமை தருகிறோம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை போய் என்ன செய்வது, பூத் இருந்த பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வருவதா?

அந்தத் தேர்தல் எங்கள் பக்கம் வேடிக்கையானதும்கூட. அறந்தாங்கி புதுக்கோட்டை மாவட்டம், ஆனால் மக்களவைக்கு ராமநாதபுரம் தொகுதி. முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் நின்றார்கள். அப்பா போனில், "மெஷின்ல எங்க பாத்தாலும் பன்னீர்செல்வம்தான் தம்பி" என்று சிரித்தார். ஜெயித்தது ஏணிச் சின்னத்தில் நின்ற நவாஸ்கனி. என் பெயர் கடைசிப் பக்கத்தில் டிக் விழாமல் இருந்திருக்கும்.

அறையில் கூட இருக்கும் மலப்புரத்துக்காரர் தப்பித்தார். கேரளாவுக்கு ஏப்ரல் 26. கே.எம்.சி.சி. போன்ற, வளைகுடாவில் உள்ள மலையாளிகளின் அமைப்புகள் தேர்தலுக்கென்றே விமானத்தில் மொத்தமாக இடம் பேசி ஆட்களை அனுப்புகின்றன. அதற்கு 'வோட்டு விமானம்' என்றே பெயர். அப்படியும் கணக்கைப் பாருங்கள். 2024இல் பதிவு செய்த வெளிநாட்டு வாக்காளர்கள் 1,19,374. வந்து போட்டவர்கள் 2,958. அதில் 2,670 பேர் கேரளா. மீதி இந்தியா முழுக்கச் சேர்த்து 288 பேர். ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கே முடிந்துவிடுகிற கூட்டம்.

இடையில் ஒரு விஷயம். ஓட்டுக்குப் பணம் கொடுக்க வருகிறவர்கள் எங்கள் வீட்டில் எப்போதும் என் தலையைக் கழித்துவிட்டுத்தான் எண்ணுவார்கள். "வெளிநாட்டுல இருக்கிறவருக்குக் கிடையாதுக்கா" என்று அம்மாவிடம் பணிவாகச் சொல்வார்களாம். பட்டியலைச் சுத்தமாக வைத்திருப்பதில் ஆணையத்தைவிட இவர்கள் கெட்டிக்காரர்கள்.

ஊருக்கு வராமலே போட வழி செய்யப் பார்த்தார்கள். 2018இல் பிரதிநிதி மூலம் வாக்களிக்கும் மசோதா மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவைக்குப் போய் முடிவதற்குள் 2019இல் மக்களவையே கலைந்து காலாவதியானது. நிறைய நண்பர்கள் வருத்தப்பட்டார்கள். எனக்கு நிம்மதி. மசோதா நிறைவேறிய செய்தியைச் சொன்னபோது அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "நல்லதாப் போச்சு, உன் ஓட்டையும் நானே போட்டுடுறேன், செலவு மிச்சம்." அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. நம் வீடுகளில் பிரதிநிதி என்றால் அப்பாவுக்கு ரெண்டு ஓட்டு, அல்லது புருஷனுக்கு ரெண்டு ஓட்டு.

2020இல் தேர்தல் ஆணையம் வேறொன்று சொன்னது: ராணுவத்தினருக்கு இருப்பது போல, வாக்குச் சீட்டை இணையத்தில் இறக்கி, குறித்து, அனுப்புவது. என்னைப் போல ஏ.சி. அறையில் பிரிண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சரி. ஷார்ஜாவின் சஜ்ஜா பகுதியில் லேபர் கேம்ப்பில் ஒரு அறைக்கு எட்டுப் பேராக இருக்கும் தம்பிக்கு யார் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார்கள்? ஃபோர்மேன்தான். அப்புறம் எந்தச் சின்னத்தில் குறி விழுகிறது என்பது ஃபோர்மேனுக்கும் தெரியும். தூதரகத்தில் மறைப்புக் கட்டி, அதிகாரி முன்னால் ஒவ்வொருவராகப் போடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. வேட்பாளர் பட்டியல் தொகுதிக்குத் தொகுதி மாறும், சிரமம்தான். பிலிப்பைன்ஸ்காரர்கள் தேசிய அளவில் அதிபருக்கும் செனட்டருக்கும் போடுவதால் அவர்களுக்கு எளிது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அங்கேயே தொகுதிச் சீட்டை அச்சடித்துக் கொடுப்பது ஒன்றும் ராக்கெட் விடுகிற வேலையில்லை.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது வீட்டுக்கு வந்த பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) ஒரு அங்கன்வாடி அக்கா. குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போடலாம் என்று இருந்ததால் அப்பா என் படிவத்தை நிரப்பி, பழைய பட்டியலில் தன் பெயரைத் தேடிப் பிடித்து எழுதிக் கொடுத்தார். எதிர்வீட்டில் குவைத்தில் இருக்கும் பையன் சாதாரண வாக்காளராகவே இருந்தவன். "ஊர்ல இல்லையே" என்று அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். டிசம்பர் வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கு மேல் போனதில் அவனும் ஒருவன். இப்போது அவன் அப்பா எங்கள் அப்பாவிடம் 6ஏ பற்றி விசாரிக்கிறார். எங்கள் அப்பா விளக்குகிறார், என்னவோ தானே கண்டுபிடித்த மாதிரி.

அந்த எதிர்வீட்டுக்காரருக்காக ஒரு கேள்வி. சமீபத்தில் 6ஏ போட்டவர்கள், விசா பக்கத்து நகலை யாரிடம் காட்டிச் சரிபார்த்தீர்கள்? வீட்டுக்கு பி.எல்.ஓ. வந்தாரா, தாலுகா ஆபீஸுக்கு யாராவது போக வேண்டியிருந்ததா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.