1980 மகாமக ஸ்லைடுகள் ரோஸ் அடித்துப்போய்க் கிடக்கின்றன: நிறத்தை மீட்பது எப்படி?

அரசலாற்றங்கரை, கும்பகோணம்:
வணக்கம். 1980 மகாமகத்தில் எடுத்த 35 மி.மீ. கலர் ஸ்லைடுகள், அறுபது இருக்கும். அட்டைச் சட்டத்தோடு தகரப் பெட்டியில் இருந்தவை, வெளிச்சமே படவில்லை. ஆனாலும் குளம், படிக்கட்டு, கூட்டம் எல்லாம் ஒரே ரோஸ். பிளாட்பெட் ஸ்கேனரில் 6400 டிபிஐ, ஜேபெக். கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் ஆட்டோ லெவல்ஸ் (இருட்டு, வெளிச்ச அளவைத் தானே சரிசெய்வது) கொடுத்தும் ஏறத்தாழ ஒன்றும் மாறவில்லை. ஐந்தாறு ஸ்லைடில் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை. எங்கே தப்பு?

குடமுருட்டி:
இருட்டில் வைத்தாலும் சாயம் போகும், சார். பிலிமில் சயான், மெஜந்தா, மஞ்சள் என மூன்று சாயங்கள். அந்தக் காலத்துப் பிலிம் பலவற்றில் இருட்டில் முதலில் போவது சயான்தான். சிவப்பு ஒளியைத் தடுக்கிற வேலை அதனுடையது. அது மெலிந்தால் நிழலெல்லாம் சிவந்துவிடும். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகம். நம் பக்கத்தில் இரண்டுக்கும் பஞ்சமா?

ஆட்டோ தோற்றதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த அட்டைச் சட்டம். ஸ்கேனில் அதன் ஓரம் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறச் சேனலிலும் சுத்தக் கறுப்பு. சிவப்பு ஏற்கெனவே 0-வில், அதாவது முழு இருட்டில், தொடங்குகிறது என்று மென்பொருள் ஏமாந்துவிடும். படத்தை மட்டும் வெட்டி எடுத்து ஹிஸ்டோகிராமை (எந்த வெளிச்ச அளவில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடம்) பாருங்கள்.

மறுபடி ஸ்கேன் செய்யத்தான் வேண்டும்: 48 பிட் (சேனலுக்கு 16 பிட்) டிஃப் கோப்பாக, ஆட்டோ எல்லாம் அணைத்து. ஜேபெக்கின் 8 பிட்டில் 90 முதல் 250 வரை உள்ளதை 0–255 என இழுத்தால் நடுவே ஓட்டை விழுந்து வானம் பட்டை பட்டையாகத் தெரியும். 2400 டிபிஐ போதும். ஏறக்குறைய 3400 × 2270 பிக்சல், கோப்பு 46 எம்பி. 6400 என்பது பெட்டியில் அச்சடித்த எண், லென்ஸ் அவ்வளவு பிரித்துக் காட்டாது.

பிறகு லெவல்ஸில் சிவப்பை மட்டும் திறந்து, கறுப்பு முனையை ஹிஸ்டோகிராம் தொடங்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து நீலம், பச்சை. நடுநிலைச் சாம்பல் நிறத்துக்குப் படிக்கட்டில் காய்ந்த கருங்கல்லைத் தொடுங்கள், இல்லாவிட்டால் விபூதி. வேட்டி வேண்டாம்: நீலம் போட்டிருப்பார்கள், அதை நடுநிலை என்று எடுத்தால் எல்லார் முகத்திலும் மஞ்சள் காமாலை.

வெண்ணாறு:
தெளிவுக்கு ஒன்று சேர்க்கிறேன். இப்படி இழுத்த சிவப்புச் சேனலில் நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான பிசிறு) பொங்கும். முழுப் படத்துக்கும் நாய்ஸ் நீக்கினால் முகம் மெழுகாகிவிடும், சிவப்புக்கு மட்டும் போடுங்கள். இந்த மாதிரி ஸ்லைடில் பச்சைச் சேனல்தான் நன்றாக இருக்கும். டீகம்போஸ் செய்து (சேனல்களைத் தனித்தனியே பிரித்து) அதைத் தனி லேயராக மேலே வைத்து, மோடு லூமினன்ஸ், அடர்த்தி 30 சதவீதம். அதற்கு மேல் போனால் அரக்குப் புடவையும் குங்குமமும் கறுத்துப்போகும், ஏனென்றால் சிவப்புப் பொருள் பச்சைச் சேனலில் இருட்டு. படத்தைக் கூர்மையாக்கும் அன்ஷார்ப் மாஸ்க் கடைசியில்: ரேடியஸ் 1, அமவுண்ட் 0.5.

பழங்காவேரி:
இதற்கெல்லாம் முன்னால் பூஞ்சை. தண்ணீர் கூடவே கூடாது! பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து படமே கையோடு வரும். முதலில் ஊதி, போகாவிட்டால் 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால், பிசிறில்லாத துணி, ஓரத்தில் சோதித்துவிட்டு. தின்றுவிட்ட தடம் போகாது, பக்கத்துப் பகுதியை நகலெடுத்து மூடி (குளோன்) சரிசெய்துகொள்ள வேண்டியதுதான். ஸ்கேனரில் அகச்சிவப்புத் தூசிநீக்கம் இருந்தால் கலர் ஸ்லைடுக்குப் போடலாம். அதே பெட்டியில் ஊட்டியில் தயாரான ‘இந்து’ பிராண்டு கறுப்பு வெள்ளை நெகட்டிவ் இருந்தால் அணைத்துவிடுங்கள்: வெள்ளித்துகள் அகச்சிவப்பை மறைக்கும், படத்தையே தூசி என்று அழித்துவைக்கும். முடிந்ததும் காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல். ஐப்பசி கார்த்திகையில் திறக்காதீர்கள்.

அரசலாற்றங்கரை:
சட்டத்தை வெட்டியதும் சிவப்பு 84-ல் தொடங்குவது தெரிந்தது. கல் சரியாகிவிட்டது. ஆனால் மண்டப நிழலில் இன்னும் சிவப்பு, மேகத்தில் சயான்.

குடமுருட்டி:
லெவல்ஸுக்கு எட்டாத இடம் அது, நிழலையும் வெளிச்சத்தையும் தனித்தனியே திருத்தும் கர்வ்ஸுக்குப் போங்கள். சிவப்பில் 128-ல் ஒரு புள்ளி குத்தி அசையாமல் நிறுத்துங்கள். 64-ஐ 54-க்கு இறக்கி, 192-ஐ 198-க்கு ஏற்றுங்கள். நிழலில் கறுப்புக் குடைத் துணி போல ஏதாவது கிடைத்தால் அதன் சிவப்பு, பச்சை, நீல எண் மூன்றும் நாலைந்துக்குள் ஒத்துவரும்வரை நகர்த்துங்கள். வந்ததும் பிரீசெட்டாகச் சேமித்துவிடுங்கள்; ஒரே ரோலில் வந்த ஸ்லைடுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வெளுத்திருக்கும்.