மைசெல்ஃப், ஐ, மீ: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

வழிப்போக்கன்:
முதல் நேர்காணல். உட்கார்ந்ததும் "மைசெல்ஃப்" என்று தொடங்கி என் பெயரைச் சொல்லி நிறுத்தினேன். எதிரில் இருந்தவர் பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்துவிட்டேன். அவரோ வாக்கியம் இனிமேல்தான் வரப்போகிறது என்று காத்திருந்தார். தமிழில் "நான் இன்னார்" என்றாலே வாக்கியம் நிறைந்துவிடும், வினைச்சொல் வேண்டாம். ஆங்கிலத்தில் "ஐ ஆம்" வேண்டும். மைசெல்ஃப் எழுவாயாகத் தனித்து நிற்காது, அதற்குத் துணையாக ஓர் "ஐ" இருந்தே ஆக வேண்டும். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டவை. அந்தப் பேனா மட்டும் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

விடைபெற்றவர்:
எனக்கு நேர்ந்தது வேறு வகை. "மீ அண்ட் மை ஃப்ரெண்ட் வென்ட்" என்று சொல்லிச் சிறுவயதில் திட்டு வாங்கியதிலிருந்து "மீ" என்றாலே அச்சம். இரண்டு பேரைச் சேர்த்துச் சொல்லும் இடத்திலெல்லாம் "ஐ" போட்டால் தவறாது என்று பணிக்காலம் முழுவதும் நம்பியிருந்தேன். ஓய்வுபெற்ற அன்று நன்றியுரையில், "தி லவ் யூ கேவ் மை வைஃப் அண்ட் ஐ" என்றேன். மேடையிலிருந்து இறங்கியதும், என்னிடம் வேலை பழகிய பெண் தயங்கித் தயங்கி அருகில் வந்து, "சார், அம்மாவை எடுத்துவிட்டு அந்த வரியை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்" என்றார். சொல்லிப் பார்த்தேன். "யூ கேவ் ஐ." அவ்வளவுதான், விளங்கிவிட்டது. அதுவரை நான் கையெழுத்திட்டு அனுப்பிய கடிதங்களை எல்லாம் அன்றிரவு நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

ஏட்டுச்சுவடி:
ஐயா, இவ்வளவு வருந்த வேண்டாம். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகம் 1600-இல் அச்சானது. அதில் அன்டோனியோ எழுதும் கடிதத்திலேயே "பிட்வீன் யூ அண்ட் ஐ" இருக்கிறது. வழிப்போக்கன் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. "பீப்பிள் லைக் மைசெல்ஃப்" என்று நல்ல எழுத்தாளர்களே எழுதுகிறார்கள். அங்கே எந்த "ஐ" துணை நிற்கிறது?

என் அனுபவம் சிறியது. "பிட்வீன் யூ அண்ட் மீ" என்று நான் சரியாக எழுதிய கடிதத்தில் மேலதிகாரி "மீ"யை அடித்துவிட்டுச் சிவப்பு மையால் "ஐ" என்று எழுதினார். நான் வாய் திறக்கவில்லை. அந்தச் சிவப்பு எழுத்தோடுதான் கடிதம் தட்டச்சுக்குப் போயிற்று.

கரும்பலகை:
ஏட்டுச்சுவடி அவர்களே, வழிப்போக்கன் பேசியது எழுவாயைப் பற்றி. நீங்கள் காட்டும் "லைக் மைசெல்ஃப்" எழுவாய் இல்லை. ஷேக்ஸ்பியரைச் சொல்லி மாணவரைத் தேர்வுக்கு அனுப்பவும் முடியாது.

நான் ஆசிரியை. ஓடி விளையாடும்போது ஒரு பையன் தானே விழுந்து காயப்பட்டான். பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு பையனின் பெயரையும் சேர்த்து எழுதிய குறிப்பில், அவசரத்தில் "ஹி ஹர்ட் ஹிம்" என்று எழுதிவிட்டேன். "ஹிம்செல்ஃப்" என்று இருந்திருக்க வேண்டும். மறுநாள் அந்த இன்னொரு பையனின் தாய் குறிப்பைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, "என் பிள்ளை யாரையும் அடிக்க மாட்டானே டீச்சர்" என்று அழுதார். தமிழில் "காயப்படுத்திக்கொண்டான்" என்றால் "கொண்டான்" என்பதே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. ஆங்கில வினைக்கு அந்த வாலில்லை. பெயர்ச்சொல்லுக்குப் பதில் நிற்கும் அந்தச் சிறு சொல்தான் முழுச் சுமையையும் தாங்க வேண்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஐயமாக இருந்தால் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "நான்" வந்தால் ஐ. "என்னை", "எனக்கு", "என்னிடம்" வந்தால் மீ. "என்னையே" என்று வந்து, செய்பவரும் நானாகவே இருந்தால் மைசெல்ஃப். உடன் இன்னொருவர் இருந்தால், அந்தப் பெண் சொன்னதுபோல அவரை எடுத்துவிட்டுப் பாருங்கள். "ப்ளீஸ் கால் மைசெல்ஃப்" என்று அலுவலகக் கடிதங்களில் எழுதுவது பணிவு என்று பலர் எண்ணுகிறார்கள். அது பணிவில்லை, பிழை. கூப்பிடப்போவது நீங்கள் இல்லையே! "ஹிஸ்செல்ஃப்" என்று எழுதாதீர்கள், ஹிம்செல்ஃப்தான். இன்னொன்று: ஆங்கிலத்தில் "யூ" ஒருவரா பலரா என்று காட்டாது, ஆனால் ஒருவருக்கு யுவர்செல்ஃப், பலருக்கு யுவர்செல்வ்ஸ். வகுப்பு முழுவதையும் பார்த்து "பிஹேவ் யுவர்செல்ஃப்" என்று சொல்லும் ஆசிரியர்களையும் நான் அறிவேன்.

மெய்ப்புத் திருத்துபவர்:
கரும்பலகை அம்மா, உங்கள் வழியை நம்பி என் மகள் "மீ நோ" என்று எழுதினாள். "எனக்குத் தெரியும்" என்பதில் "எனக்கு" இருக்கிறதே! எனக்குப் பிடிக்கும், எனக்குப் பசிக்கிறது, எனக்கு வேண்டும், எல்லாமே ஆங்கிலத்தில் "ஐ" என்றுதான் தொடங்கும். தமிழின் நான்காம் வேற்றுமை அங்கே எழுவாயாக மாறிவிடுகிறது. இதைச் சொல்லாமல் அந்த வழியைக் கற்பிப்பது ஆபத்து.

"தான்" இன்னும் பெரிய பொறி. "தான் வருவதாகச் சொன்னான்" என்பதில் அது எழுவாய். ஆங்கிலத்தில் வெறும் "ஹி". ஒரு சிறுகதை மொழிபெயர்ப்பில் "பையைத் தன்னுடன் எடுத்துச் சென்றாள்" என்ற வரிக்கு "வித் ஹர்" என்று மொழிபெயர்ப்பாளர் சரியாக எழுதியிருந்தார். நான் "ஹர்செல்ஃப்" என்று திருத்தினேன். "தன்" என்ற எழுத்து என் கண்ணை மறைத்துவிட்டது. இப்படி இடத்தையோ உடனிருப்பதையோ சொல்லும்போது ஆங்கிலம் செல்ஃப் கேட்பதில்லை. புத்தகம் அச்சாகி வந்தபின் அந்தப் பக்கத்தை மொழிபெயர்ப்பாளரே திறந்து, விரலை வைத்துக் காட்டினார். கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை.

வழிப்போக்கன்:
நேர்காணலில் பிறகு என்ன ஆயிற்று என்று தனியாகக் கேட்டவருக்கு: அவர் "யெஸ், கோ ஆன்" என்றார். நான் என் பெயரையே இன்னொரு முறை, சற்று உரக்கச் சொன்னேன்.